உடன்படாமை: நியூசிலாந்தின் மோட்டார் சைக்கிள் பயணங்கள்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாலை நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிளின் ஓசை எல்லா இல்லங்களிலும் ஒரே உணர்வை எழுப்புவதில்லை. ஓர் இல்லத்தில் அவ்வோசை கேட்டதும் குழந்தைகள் தந்தையை எதிர்கொள்ள வாயிலுக்கு ஓடுகின்றனர். வேறோர் இல்லத்தில் அதே ஓசை கேட்டதும் குழந்தைகள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உள்ளறையில் ஒடுங்குகின்றனர். தாய் சமையலறையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, வருகின்றவர் குறை கூறுவதற்கு ஏதேனும் கிடக்கின்றதா என்று தேடுகின்றாள். கை ஓங்கப்படுவதற்கு நெடுநேரம் முன்பே அந்த இல்லத்தில் வன்முறை குடிபுகுந்துவிடுகின்றது.

தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூசிலாந்து நாட்டில், ஆடவர் சிலர் இந்த ஓசையையே ஒரு நற்பணிக்குக் கருவியாக்கிக்கொண்டனர். நவம்பர் மாதத்தில் அவர்கள் தத்தம் மோட்டார் சைக்கிள்களில் வெள்ளை ரிப்பன்களைக் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று, பெண்கள்மீது ஆண்கள் இழைக்கும் வன்முறையைப் பற்றி ஆண்களிடமே பேசி வந்துள்ளனர். ‘வெள்ளை ரிப்பன் பயணம்’ என்பது அதன் பெயர். நவம்பர் 25ஆம் நாளை ஒட்டி, ஏறத்தாழ ஒரு வார காலம் பள்ளிகள், பூங்காக்கள், கடைத்தெருக்கள், மாவோரி மக்களின் பொதுமன்றங்கள் ஆகியவற்றில் நின்று நின்று செல்லும் பயணம் அது.

அந்த வெள்ளை ரிப்பன் நியூசிலாந்தில் தோன்றியதன்று. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவன், வகுப்பறையில் இருந்த ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே பிரித்து நிறுத்தினான். ஆண்களை வெளியேறச் சொன்னான். அன்று அக்கல்லூரியில் 14 பெண்கள் உயிரிழந்தனர். பெண்கள் பொறியியல் கற்கவந்ததே அவன் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிந்தது. அந்த நிகழ்ச்சிக்குப் பின்னர் அந்நாட்டுப் பெண்கள் ஒரு கேள்வியை மீண்டும் மீண்டும் எழுப்பினர்: இதனைப் பற்றிப் பேசுவது ஏன் எப்போதும் பெண்களின் வேலையாகவே இருக்கின்றது? 1991ஆம் ஆண்டில் கனடிய ஆடவர் சிலர் அக்கேள்விக்கு விடையாக வெள்ளை ரிப்பன் இயக்கத்தைத் தொடங்கினர். ஆண் ஒருவன் தன் சட்டையில் ரிப்பனைக் குத்திக்கொள்வதன் பொருள், அவன் ஓர் உறுதிமொழியை ஏற்றுக்கொண்டான் என்பதாகும். அது இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியுள்ளது.

நவம்பர் 25ஆம் நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கரீபியன் கடற்பகுதியில் உள்ள டொமினிக்கன் குடியரசில், ட்ரூஹியோ என்னும் சர்வாதிகாரியை எதிர்த்து நின்ற மிராபால் சகோதரியர் மூவர் 1960ஆம் ஆண்டு அதே நாளில் கொல்லப்பட்டனர். இலத்தீன் அமெரிக்கப் பெண்கள் அந்நாளைப் போற்றி வந்தனர். 1999ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான உலக நாளாக அதனை ஏற்றது.

இனி நியூசிலாந்துக்கு வருவோம். 1893ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வழங்கிய நாடு அது. தன்னாட்சி பெற்ற நாடுகளுள் அவ்வகையில் முதலாவது. பெண்கள் பிரதமராகவும் தலைமை நீதிபதியாகவும் வீற்றிருந்த நாடு. அத்தகைய நாட்டிலும், ஏறத்தாழ மூன்று பெண்களுள் ஒருவர் தம் வாழ்நாளில் கணவராலோ துணைவராலோ உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு உள்ளாகின்றார் என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. ஏறத்தாழ ஐம்பது லட்சம் மக்களே வாழும் அந்நாட்டில், குடும்பத் துன்புறுத்தல் பற்றி ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளைக் காவல்துறை விசாரிக்கின்றது. வாக்குரிமை வாக்குச்சாவடி வரையில் சென்றது. வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே செல்ல அதற்கு நூறாண்டுக்கு மேலும் போதவில்லை போலும்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1995ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குடும்ப வன்முறைச் சட்டம், அடித்தலை மட்டுமன்றி அச்சுறுத்தல், இழிவுபடுத்தல், மனத்தை ஒடுக்குதல் ஆகியவற்றையும் வன்முறை என்றே வரையறுத்தது. தாய் துன்புறுவதைக் குழந்தை காணும்படி செய்வதே அக்குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை என்றும் அச்சட்டம் கொண்டது. 2018ஆம் ஆண்டில் கழுத்தை நெரித்தல் தனிக்குற்றமாக்கப்பட்டது. காயம் வெளியே தெரியாமற் போகும் அச்செயல், பின்னர் நிகழவிருக்கும் கொலைக்கு முன்னறிவிப்பாக அமைவதை மருத்துவர்களும் காவலர்களும் கண்டறிந்திருந்தனர். வன்முறைக்கு ஆளானவர் வீடு மாறவும் நீதிமன்றம் செல்லவும் ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்புப் பெறும் உரிமை 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சட்டம் பெரும்பாலும் நிகழ்ந்த பின்னரே வீட்டிற்குள் வருகின்றது. நிகழ்வதற்கு முன்னர் அங்கே இருப்பவர்கள் வேறு சிலர்: உடன்பிறந்தார், நண்பர், அண்டை வீட்டார், உடன் பணிபுரிவோர். மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் தேடிச் செல்வது இவர்களைத்தான்.

மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்கலாம். அந்நாட்டில் தோல் மேலங்கியும், முதுகில் பெரிய சின்னமும், முழங்கும் வண்டியுமாக வரும் ஆடவர் கூட்டம் நெடுங்காலமாக அச்சத்தின் உருவம். சின்னம் அணிந்த வன்குழுக்கள் சில தலைமுறைகளாக அங்கே உள்ளன. பொதுவிடத்தில் அச்சின்னங்களை அணிவதே 2024ஆம் ஆண்டின் இறுதியில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. வெள்ளை ரிப்பன் பயணத்தில் வருகின்றவர்களும் தோற்றத்தில் அத்தகையோரே: பருத்த உடல், நரைத்த தாடி, கையெல்லாம் பச்சை குத்திய கோலங்கள். அவர்கள் ஊருக்குள் நுழையும்போது தெருவில் நிற்போர் ஒரு கணம் திகைக்கின்றனர். பின்னர் வண்டிகளில் பறக்கும் வெள்ளை ரிப்பன்களைப் பார்க்கின்றனர். மென்மையான தோற்றமுடைய அறிஞர் ஒருவர் வந்து ‘பெண்ணை அடித்தல் ஆண்மையன்று’ என்று உரைத்தால் கேளாதவன், தன்னினும் வலியவனாகத் தோன்றும் ஒருவன் அதனையே சொல்லும்போது காது கொடுக்கின்றான். இதனைச் சூழ்ச்சி என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல சூழ்ச்சிதான்.

மற்றொரு காரணமும் உண்டு. ஆண்கள் தம் வீட்டுத் துயரை நேருக்கு நேர் அமர்ந்து பேசுவது அரிது. ஏதேனும் ஒரு பொருளை நடுவில் வைத்து, அதனைப் பார்த்தபடியே பேசுவது அவர்களுக்கு எளிது. வயலில் என்றால் பம்புசெட்டு, பட்டறையில் என்றால் இயந்திரம். பூங்காவில் வரிசையாக நிறுத்தப்பட்ட வண்டிகளைப் பார்க்க வருகின்ற ஒருவன், முதலில் என்ஜினின் ஆற்றலைக் கேட்பான். எத்தனை மைல் வந்தீர்கள் என்று கேட்பான். நெடுநேரம் கழித்து, சக்கரத்தைப் பார்த்தபடியே, தன் தங்கை வீட்டில் நடப்பதைச் சொல்லத் தொடங்குவான். சில வேளைகளில் அது தங்கை வீடாக இராது, தன் வீடாகவே இருக்கும்.

இத்தகைய பயணங்களில் செல்வோருள், முன்னர் தாமே வன்முறை புரிந்து பின்னர் அதனைக் கைவிட்டவர்களும் உளர். அந்நாட்டு அரசும் தொண்டமைப்புகளும் 2007ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இது சரியன்று’ என்னும் பிரசாரத்திலும், திருந்திய ஆடவர் தம் முகத்தை மறைக்காமல் தொலைக்காட்சியில் தோன்றித் தாம் செய்ததைக் கூறினர். கேட்போர் இதில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். திருந்தியவனின் கதை இனிமையானது. அவன் அழுகின்றான், அவையும் அழுகின்றது. ஆனால் அவனால் துன்புற்ற பெண் அந்த அவையில் இல்லை. அவள் மன்னித்தாளா, மன்னிக்கத்தான் வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேறெவர்க்கும் உரிமை இல்லை. பயணத்தில் பொறுப்புடன் பேசுகின்றவர்கள் இதனை உணர்ந்தவர்கள். தாம் என்ன செய்தோம், எவரிடம் உதவி கேட்டு எவ்வாறு நிறுத்தினோம் என்பதை மட்டும் சொல்லி, பாராட்டை வேண்டாமல் அமர்ந்துவிடுவதே அவர்கள் முறை.

வெள்ளை ரிப்பன் அணிபவன் ஏற்கும் உறுதிமொழி மிகச் சிறியது. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒருபோதும் செய்வதில்லை, அதனைப் பொறுத்துக்கொள்வதில்லை, அதனைக் கண்டு வாய்மூடி இருப்பதில்லை. இவ்வளவே.

இந்த அவையினருக்கு இது புதிதாகத் தோன்றாது. கொல்லாமையை விளக்கும் சமண நூல்கள் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்றாகப் பகுத்து, மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் அவற்றை விலக்குமாறு கூறுவதைச் சிறு குழந்தைகளும் பாடமாகக் கற்றிருப்பர். பெரும்பாலும் அந்தப் பாடம் எறும்பையும் புழுவையும் நினைந்தே கேட்கப்படுகின்றது. மாலைக்குள் உணவை முடிப்பதிலும், நீரை வடிகட்டுவதிலும், கிழங்கை ஒதுக்குவதிலும் அதனைக் கண்ணுங் கருத்துமாகக் காக்கும் ஓர் இல்லத்தில், உண்ணும் தட்டை வைக்கும்போது மருமகளின் கை நடுங்குமானால் அங்கே எது காக்கப்பட்டது? சமண நெறியை அறியாத கனடியர் சிலரும் நியூசிலாந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் சிலரும், தம் நாட்டுத் துயரிலிருந்து தொடங்கி, ‘உடன்படுதல்’ என்னும் மூன்றாம் வாயிலுக்கே வந்து சேர்ந்துள்ளனர் என்பது எண்ணத்தக்கது.

ஒரு வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். எல்லா மௌனமும் உடன்பாடு ஆகாது. அடிபடுகின்ற பெண்ணின் மௌனம் உடன்பாடு அன்று. பல வேளைகளில் அது அவள் தன் குழந்தைகளைக் காக்கும் வழி. அவளை நோக்கி ‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பது இரண்டாவது தண்டனை. உடன்பாடாகும் மௌனம் வேறு. நண்பர்கள் கூடிய இடத்தில் ஒருவன் தன் மனைவியை இழித்துப் பேசும்போது உடன் சிரிக்கின்றானே, அவனுடையது. சுவருக்கு அப்பாலிருந்து அலறல் கேட்கும்போது ‘அது அவர்கள் குடும்ப விஷயம்’ என்று வானொலியின் ஒலியைக் கூட்டுகின்றானே, அவனுடையது. மகள் தாய்வீட்டிற்குத் திரும்பி வந்து நிற்கும்போது, ஊர் என்ன சொல்லும் என்று அன்று மாலையே அவளைத் திருப்பி அனுப்புகின்ற தந்தையினுடையது.

பேசுதல் என்றால் சண்டைக்குப் போதல் அன்று. அந்நாட்டில் இப்பணியில் இருப்போர் இதனை வற்புறுத்துகின்றனர். வீரம் காட்டக் கதவை உடைத்துச் செல்கின்றவன், தான் வெளியேறிய பின்னர் அப்பெண் படவிருக்கும் துன்பத்தைப் பெருக்கிவிடக் கூடும். உயிருக்கு ஆபத்து என்றால் 111 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். அவ்வாறில்லையெனில், அவள் தனித்திருக்கும்போது, என்ன வேண்டும் என்று அவளையே கேட்க வேண்டும். அவன் நண்பன் என்றால், அவன் தெளிவாக இருக்கும் வேளையில், ‘நீ அவளிடம் பேசும் முறை எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுதல் ஆயிரம் மைல் வண்டி ஓட்டுவதினும் கடினமானது.

அடையாளங்களை அறிந்துகொள்ளாமையால் நேர்ந்த ஓர் இழப்பு அந்நாட்டையே உலுக்கியது. சோஃபி எலியட் என்பவர் டனீடன் நகரத்தைச் சேர்ந்தவர். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று சிறந்த தேர்ச்சி பெற்றவர். 22 வயது. தலைநகர் வெலிங்டனில் அரசின் கருவூலத்துறையில் பணி கிடைத்து, புறப்படுவதற்காகப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். 2008ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அவருடன் முன்னர் நட்புறவு கொண்டிருந்த, அவருக்குப் பாடம் கற்பித்தவருமான ஒருவன், அவர் வீட்டிற்கே வந்து அவரைக் கொன்றான். தாய் லெஸ்லி எலியட் அப்போது அதே வீட்டில் இருந்தார். விசாரணையில் அவன், சோஃபியே தன்னைச் சினமூட்டினார் என்று வாதிட்டான். இறந்துபோன பெண்ணின் குணநலன்கள் நாட்கணக்கில் நீதிமன்றத்தில் இழிவாகப் பேசப்பட்டன. மறுத்துரைக்க அவள் இல்லை. நடுவர் குழு அவ்வாதத்தை ஏற்கவில்லை. கொலைக்குற்றம் உறுதியாயிற்று. அதே 2009ஆம் ஆண்டின் இறுதிக்குள், சினமூட்டல் என்னும் அந்த எதிர்வாதத்தையே நியூசிலாந்து நாடாளுமன்றம் சட்டத்திலிருந்து நீக்கியது.

தாய் லெஸ்லி அத்துடன் நின்றுவிடவில்லை. மகளின் உறவில் முன்பே தென்பட்ட குறிகளைத் தாமும் மகளும் படித்தறியவில்லையே என்பது அவர் துயரம். தாழ்த்திப் பேசுதல், பின்னர் மன்னிப்புக் கேட்டல், எங்கே யாருடன் இருந்தாய் என்று கணக்குக் கேட்டல், ஒருநாள் கைநீட்டல். ‘விட்டு விலகுகின்றேன்’ என்று பெண் சொல்லும் காலமே அவளுக்கு மிகவும் ஆபத்தான காலம் என்னும் உண்மை. இவற்றை உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்குக் கற்பிக்க மகளின் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். காவல்துறையினரின் துணையுடன் அப்பாடம் பள்ளிகளுக்குச் சென்றது. ஊர் ஊராகச் சென்று அவரே பேசினார். வெள்ளை ரிப்பன் பயணத்தினர் பள்ளிகளில் நிறுத்தி வளரிளம் பையன்களிடம் பேசுவதும் இக்கருத்தைக் கொண்டே. நாற்பது வயதில் திருத்துவதினும் பதினாறு வயதில் சொல்லிவைப்பது எளிது. வண்டியில் ஏறி அமர்ந்து பார்க்கும் ஆவலில் வருகின்ற பையனிடம், காதலி என்பவள் கைப்பேசியைக் காட்டிக் கணக்குக் கொடுக்க வேண்டியவள் அல்லள் என்று சொல்லப்படுகின்றது.

இப்பயணங்களைப் பற்றிக் குறை கூறுவோரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மையும் உண்டு. அந்நாட்டின் முதல் மகளிர் புகலிடம் 1973ஆம் ஆண்டில் கிறைஸ்ட்சர்ச் நகரில் பெண்களால் தொடங்கப்பட்டது. 1981ஆம் ஆண்டில் அத்தகைய புகலிடங்கள் ஒன்றிணைந்து ஒரு கூட்டமைப்பாயின. நள்ளிரவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணுக்குக் கதவு திறந்தவர்கள், பல்லாண்டுகளாகக் குறைந்த பணத்தில், எவ்வித விளம்பரமும் இன்றி உழைத்தவர்கள் அவர்கள். அவர்களைப் படமெடுக்கச் செல்லாத செய்தியாளர், ஆண்கள் வண்டியில் வந்தவுடன் ஓடி வருகின்றனர். ஒரு வாரம் ரிப்பன் கட்டுதல் எளிது. பதினோரு மாதம் புகலிடத்தின் மின்கட்டணத்தைக் கட்டுதல் எளிதன்று. அண்டை நாடான ஆஸ்திரேலியாவில் வெள்ளை ரிப்பன் அமைப்பு பெரும் புகழோடு விளங்கியும், 2019ஆம் ஆண்டில் கடன்பட்டு மூடப்பட்டது. மறு ஆண்டில் வேறொரு தொண்டமைப்பு அப்பெயரை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. விழாக்கோலம் மிகுந்து வேர் மெலிந்தால் நேர்வது இது. ஆகவே பயணம் செல்கின்ற ஊரில் ஏற்கெனவே பணியாற்றும் பெண்களைக் கேட்டு, அவர்கள் விரும்பும் இடத்தில் நின்று, திரட்டிய நிதியையும் அவர்களிடமே கொடுத்துச் செல்வதுதான் முறை. அவ்வாறு நடந்த இடங்களில் பயன் விளைந்தது. நடவாத இடங்களில் இரைச்சல் மட்டும் எஞ்சியது.

மற்றொரு தவறான எண்ணமும் களையத்தக்கது. 1994ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ‘ஒன்ஸ் வேர் வாரியர்ஸ்’ என்னும் திரைப்படம், மாவோரிக் குடும்பம் ஒன்றில் நிகழும் கொடிய வன்முறையைக் காட்டியது. அதனைக் கண்ட வெளிநாட்டார் பலர், அது அம்மக்களின் மரபு என்றே எண்ணிவிட்டனர். ஐரோப்பியர் அங்கே குடியேறத் தொடங்கிய காலத்தில் எழுதி வைத்த குறிப்புகளோ, மாவோரித் தந்தையர் குழந்தைகளைத் தோளில் சுமந்து திரிந்த கனிவைக் கண்டு வியக்கின்றன. நிலம் இழந்து, மொழி ஒடுக்கப்பட்டு, நகரத்துச் சேரிகளில் சிதறுண்ட பின்னர் வந்தது வேறு வாழ்க்கை. பயணத்தில் முன்னிற்கும் மாவோரி ஆடவர் ‘இது எங்கள் பண்பாடு அன்று’ என்று உரைப்பதன் பின்னணி இது. வெள்ளையர் இல்லங்களிலும் இந்தத் துயர் உண்டு. குடியேறிய ஆசிய நாட்டார் இல்லங்களிலும் உண்டு. 1995ஆம் ஆண்டில் ஆக்லாந்து நகரில் ‘சக்தி’ என்னும் பெயரால், ஆசிய, ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்குப் பெண்களுக்கென்றே தனி அமைப்பு ஒன்று தோன்ற வேண்டியிருந்தது. கணவனின் விசாவை நம்பிக் கடல் கடந்த பெண்ணுக்கு, ஓடிச் செல்லத் தாய்வீடும் இல்லை; ‘உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்ற ஒரு சொல்லே அவளைக் கட்டிப்போடப் போதுமானது. ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே மகளை மணம் செய்து கொடுத்துள்ள பெற்றோர் இந்த அவையிலும் இருக்கலாம். வாரந்தோறும் தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பவர்கள், மருமகன் அருகில் இல்லாத வேளையில் ஒருமுறை அழைத்து, வேறொன்றும் கேட்டுப் பார்க்கலாம்.

பயணத்தினர் தங்கும் மாவோரிப் பொதுமன்றத்திற்கு மராய் என்று பெயர். நடுவே பெரிய கூடம், முன்னே புல்வெளி, வெளியே வாயில். வந்தவர்கள் தாமாக உள்ளே நுழைதல் மரபன்று. வண்டிகளை அணைத்து, தலைக்கவசங்களைக் கழற்றி, வாயிலுக்கு வெளியே திரண்டு நிற்க வேண்டும். எத்துணைப் பெரிய தலைவராயினும் காத்திருக்க வேண்டும். உள்ளிருந்து முதலில் எழுவது ஒரு பெண்ணின் குரல். பெரும்பாலும் முதிய பெண். வந்தோரையும், அவர்களுடன் வந்த இறந்தோரின் நினைவுகளையும் நீண்ட ஓசையில் அழைக்கும் குரல் அது. அதற்கு மறுமொழி தருவதும் வந்தவர்களுடன் நிற்கும் ஒரு பெண்ணின் குரலே. அக்குரல் எழும்வரை, நூற்றுக்கணக்கான மைல் முழங்கிக்கொண்டு வந்த ஆடவர்கள் ஓசையின்றி நிற்கின்றனர். பின்னர் பெண்கள் முன்செல்ல, அவர்கள் மெல்ல நடந்து, கூடத்தின் வாசலில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கின்றனர்.